மழை மாசத்தில் பாத்திப் பூச்செடிகளைத் தாக்கும் கருகல் நோய்



கறவை மாடு, தையல், மசாலாப் பொடி என்று இருந்த நம் குழுக்களில் இப்போது பூச்செடி நாற்றங்கால் போடுகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். செண்டுமல்லி, நித்தியகல்யாணி, ஜினியா, கோழிக்கொண்டை, காசித்தும்பை, வாடாமல்லி எல்லாம் சின்னப் பையிலும் குழித்தட்டிலும் வளர்த்து, மொட்டு வரும் சமயத்தில் சென்னைக்கு வண்டி ஏற்றுகிறோம். இதைப் பாத்திச் செடி என்றும் சீசன் செடி என்றும் வியாபாரிகள் சொல்வார்கள். இரண்டு மூணு மாசம் பூத்துக் குலுங்கிவிட்டு முடிந்துபோகிற செடி. மறுபடியும் புதுசா வாங்கித்தான் வைக்க வேண்டும். அதனால்தான் நமக்கு வேலை தொடர்ந்து கிடைக்கிறது.

இந்த வேலைக்குப் பெரிய எதிரி கருகல் நோய். அறுபது நாள் பாடுபட்டு வளர்த்ததை ஆறு நாளில் கருக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையப் பேர் இதைப் பார்த்திருப்பீர்கள். "மழை சார், என்ன பண்றது" என்று விட்டுவிடுகிறோம். மழையை நிறுத்த முடியாது, சரி. ஆனால் மழை பெய்தால் செடி சாகத்தான் வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

நம் செடி எங்கே போகிறது?

கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகரில் பனகல் பார்க், வெங்கடநாராயணா ரோட்டில் நடேசன் பூங்கா. இந்த மாதிரிப் பூங்காக்களுக்கும், அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்து அடுக்குமாடி வாசல்களுக்கும், கல்யாண மண்டபம், பேங்க் வாசல் தொட்டிகளுக்கும் காண்ட்ராக்டர்கள் சீசன் செடி வாங்கிப் போடுகிறார்கள். கதீட்ரல் ரோட்டில் 1835-ல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் இருக்கிறது. அதே ரோட்டில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். 2025 ஜனவரியில் அங்கே அரசு நடத்திய மலர்க்காட்சிக்குக் கூட்டம் கூட்டமாய் ஜனம் வந்தது. செடி வாங்கி வைக்கும் பழக்கம் சென்னையில் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் அந்த இடங்களில் ஒரு சங்கடம் உண்டு. மயிலாப்பூரும் அடையாறும் கடலுக்குப் பக்கம். ராத்திரியிலும் காற்றில் ஈரம் இருக்கும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் இருக்கிற பாத்தியில் வெயில் பத்து மணிக்கு மேல்தான் விழும். தோட்டக்காரர் சாயங்காலம் ஓஸ் பைப்பை எடுத்து இலை மேலேயே பீய்ச்சுவார். ராத்திரி முழுக்க இலை நனைந்தே இருக்கும். கருகல் நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. நாம் அனுப்பும் பையில் லேசாக நோய் ஒட்டியிருந்தாலும் அங்கே போய் இறங்கின ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கப் பரவிவிடும். அப்புறம் காண்ட்ராக்டர் போன் போட்டுத் திட்டுவது நம்மைத்தான்.

கருகல் என்றால் என்ன?

இலையோ தண்டோ பூவோ, தீயில் வாட்டின மாதிரி சட்டென்று பழுப்பாகிக் கருத்து மடிவதைக் கருகல் என்கிறோம். இது ஒரே நோய் இல்லை. பல கிருமிகள் இப்படிச் செய்யும். நம் செடிகளில் முக்கியமாக மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, நித்தியகல்யாணியைக் கொல்லும் கருகல். சுடுகாட்டு மல்லி என்று நம் ஊரில் சொல்லும் அதே செடிதான். எங்கே போட்டாலும் முளைக்கும், ஆடு மாடு மேயாது, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பது இதிலிருந்துதான். இவ்வளவு கெட்டியான செடி மழையில் மட்டும் பொட்டென்று போய்விடும். காரணம் பைட்டோப்தோரா என்ற கிருமி. அந்தப் பெயருக்கே கிரேக்க மொழியில் செடியை அழிப்பது என்றுதான் பொருள். முதலில் நுனிக் குருத்து தொங்கும். இலை பச்சை மாறிச் சாம்பல் பூத்த மாதிரி மங்கும். தண்டில் ஒரு இடத்தில் வெந்நீர் பட்டது போல் கருப்பு அடிக்கும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் காயும். மண் ஒட்டின இடத்தில் கருப்பு வந்தால் செடியே போச்சு.

இந்தக் கிருமியை நாம் பொதுவாகப் பூசணம் என்று சொன்னாலும், உண்மையில் இது தண்ணீர்ப் பாசிக்கு உறவு. இதன் விதைத்தூள் தண்ணீரில் நீந்தும். ஆமாம், மீன்குஞ்சு மாதிரி நீந்திப் போகும். மண்ணில் இருக்கிற கிருமி மழைத்துளி தெறிக்கும்போது இலைக்கு ஏறுகிறது. இலை மேல் இருக்கிற ஈரத்தில் நீந்தி உள்ளே நுழைகிறது. ஈரம் இல்லையென்றால் அதற்குக் கால் இல்லை. இதை மனசில் வையுங்கள், கீழே சொல்லப் போகிற எல்லா வேலையும் இதை வைத்துத்தான்.

இதே குடும்பத்துக் கிருமி ஒன்றுதான் 1845-ல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்கை அழித்தது. அதையே நம்பியிருந்த ஏழை ஜனங்கள் பத்து லட்சம் பேர் போல பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு ஜனம் கப்பல் ஏறி ஊரைவிட்டுப் போயிற்று. பூச்செடியிலும் பெரிய இழப்பு நடந்திருக்கிறது. நம் காசித்தும்பைக்கு உறவான ஒரு செடியை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாத்திகளில் ஏராளமாக நடுவார்கள். 2011, 2012-ல் அடிச்சாம்பல் நோய் பரவி, பல நர்சரிகள் அந்தச் செடி விற்பதையே நிறுத்திவிட்டன. அதுவும் ஈரத்தில் பரவுகிற இந்தக் கூட்டத்துக் கிருமிதான்.

இரண்டாவது, செண்டுமல்லியிலும் ஜினியாவிலும் வரும் ஆல்டர்நேரியா இலைக்கருகல். இது உண்மையான பூசணம். அடி இலையில் ஆரம்பிக்கும். செண்டுமல்லியில் பழுப்பும் ஊதாவும் கலந்த சின்னப் புள்ளி. ஜினியாவில் செம்பழுப்புப் புள்ளி, நடுவில் வெளுத்திருக்கும். புள்ளிகள் பெருத்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து இலையே கருகும். மேலே ஏறி மொட்டையும் பிடிக்கும். ஜினியாவில் இது விதை மூலமாகவே வரும். போன வருஷம் கருகின செடியிலிருந்து விதை எடுத்து வைத்தால், நோயையும் சேர்த்து டப்பாவில் எடுத்து வைக்கிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவது, பையை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கும் இடத்தில் வரும் ரைசோக்டோனியா. புழுக்கமான நாளில் இலைக்கும் இலைக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழை தெரியும். இலைகள் ஒட்டிக்கொண்டு அழுகும். காலையில் சீக்கிரமாகப் போய்ப் பார்த்தால்தான் இழை கண்ணில் படும். இதற்கு மருந்தைவிடப் பையைப் பிரித்து வைப்பதே பாதி வைத்தியம்.

நாற்றங்காலில் முளைத்ததுமே கழுத்து அழுகிச் சாய்வது நாற்றழுகல். அது வேறு, தனியாக ஒரு இதழில் பார்ப்போம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிரில் பூவின் மேல் சாம்பல் நிறப் பூசணம் வரும். நம் பக்கத்து வெக்கையில் அது பெரிய தொல்லை இல்லை.

வாடலா, கருகலா?

தண்ணீர் இல்லாமல் வாடுவதையும் நோயால் தொங்குவதையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது நோய்க்கு ஊற்றுகிற தண்ணீர். விரலை மண்ணில் ஒரு கணு விட்டுப் பாருங்கள். மண் காய்ந்து செடி தொங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் நோய். சந்தேகம் இருந்தால் ஒரு செடியைப் பையோடு கிழித்து வேரைப் பாருங்கள். வெள்ளை வேர் நல்லது. பழுப்பாகி, விரலில் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தால் வேரும் அழுகிவிட்டது.

கடையில் கொடுத்த மருந்து

செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் குழு ஒன்று 2023-ல் அடையாறு அடுக்குமாடி ஒன்றுக்காக 3,000 பை போட்டது. பாதி நித்தியகல்யாணி, பாதி செண்டுமல்லி. குழுக் கடன்தான் முதலீடு. கார்த்திகை பிறக்கும்போதே நித்தியகல்யாணி நுனி கருக ஆரம்பித்தது. பக்கத்து டவுனில் ஒரு மருந்துக் கடையில் போய்க் கேட்டார்கள். கடைக்காரர் செடியைப் பார்க்கக்கூட இல்லை, "கருகலா? இத அடிங்க" என்று கார்பன்டசிம் பாக்கெட்டைக் கொடுத்தார். ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. அப்புறம் அளவைக் கூட்டி மூன்றாவது தடவை. நோய் நிற்கவில்லை. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை அடித்தது. அதோடு மிச்சமும் போயிற்று.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்த சகோதரிகள் சொன்னது, "மருந்து டூப்ளிகேட் போல." டூப்ளிகேட் இல்லை. கார்பன்டசிம் சில பூசணங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீந்துகிற அந்தப் பைட்டோப்தோராவை அது ஒன்றும் செய்யாது. செண்டுமல்லி ஆல்டர்நேரியாவையும் அது கட்டுப்படுத்தாது. அதாவது, அவர்கள் வளர்த்த இரண்டு செடியின் இரண்டு நோய்க்குமே அந்த மருந்து பயன்படாது. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுத்த கதை. கடையில் எது ஓடுகிறதோ அதைக் கொடுக்கிறார்கள். நோய் என்ன என்று தெரியாமல் மருந்து வாங்கவே கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மழையை மேலே விடாமல்

நம் கையில் இருக்கிற பெரிய மருந்து, இலையைக் காய்ந்த இலையாக வைத்திருப்பது. காசு அதிகம் தேவையில்லை, கவனம் தேவை.

பச்சை நிழல்வலை போட்டிருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். நிழல்வலை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. வலையில் சேர்ந்து பெரிய பெரிய சொட்டாக விழும். வெயிலும் குறைவதால் இலை காய்வதும் தாமதமாகும். மழைக் காலத்தில் நிழல்வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, மூங்கில் வளைவின் மேல் தெளிவான பாலித்தீன் தாள் போடுங்கள். பக்கவாட்டை மூடாதீர்கள், காற்று போய் வர வேண்டும். நாலு பக்கமும் மூடினால் அது இட்லிக் குண்டான்.

பைகளைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கி, மேலே மூங்கில் தட்டியோ பழைய கம்பி வலையோ போட்டு ஒரு அடி உயரத்தில் வைத்தால் மண் தெறிக்காது, அடியில் தண்ணீரும் நிற்காது. அவ்வளவு வசதி இல்லையென்றால் தரையில் கருங்கல் ஜல்லியாவது பரப்புங்கள். பாத்தியில் நடுகிறவர்கள் செடி அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ தண்டில் ஒட்டாமல் பரப்பலாம். மழைத்துளி மண்ணை அடித்துத் தெறிப்பது நிற்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நித்தியகல்யாணியைப் பொறுத்தவரை இதுதான் உயிர்நாடி.

பூவாளியைக் காலையில் மட்டும் எடுங்கள். எட்டு மணிக்கு ஊற்றினால் பத்து மணிக்கு இலை காய்ந்துவிடும். சாயங்காலம் ஊற்றினால் விடியும் வரை நனைந்திருக்கும். முடிந்தால் பூவாளித் தலையைக் கழற்றிவிட்டு அடியில் ஊற்றுங்கள். மேகமூட்டமான நாளில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பழக்கத்துக்காக ஊற்ற வேண்டாம்.

யூரியா விஷயம். செடி சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று யூரியாக் கரைசலை ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தண்டு தளதளவென்று வரும், உண்மை. தளதளப்பான தண்டில் நோய் சீக்கிரம் இறங்கும், அதுவும் உண்மை.

பழைய பை மண்ணைக் கொட்டிச் சேர்த்து மறுபடி நிரப்புவது செலவைக் குறைக்கும் என்று செய்கிறோம். நோய் வந்த மண்ணை அப்படியே நிரப்பினால் புதுச் செடிக்குப் பழைய நோய். வழி உண்டு. கத்தரி வெயில் சமயத்தில் அந்த மண்ணை அரை அடி கனத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் மண் அணைத்து விடுங்கள். நாலிலிருந்து ஆறு வாரம். வெயில் சூடு உள்ளே ஏறிக் கிருமியை வேகவைத்துவிடும். கருப்புத் தாளைவிடத் தெளிவான தாள்தான் இதற்கு நல்லது.

டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் என்ற நல்ல நுண்ணுயிர்களைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருப்பீர்கள். விதைக்கு கிலோவுக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். நம்மிடம் இருப்பது கைப்பிடி விதைதான், அதற்கு ஒரு சிட்டிகை போதும். மண்ணுக்கு, 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் 1 கிலோ டிரைக்கோடெர்மா கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போட்டு நிழலில் ஒரு வாரம் வைத்து, பிறகு பை மண்ணோடு கலக்கலாம். இவை உயிருள்ள பொருள். சில மாசம்தான் வீரியம் இருக்கும். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பூசணக்கொல்லி அடித்த கையோடு இதைப் போட்டால் இதுவும் செத்துப்போகும், இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். ஒன்று சொல்கிறோம், நோய் வந்த பிறகு இதைப் போட்டுக் காப்பாற்றலாம் என்று நம்ப வேண்டாம். இது முன்கூட்டியே வைக்கிற காவல்.

எந்த மாசத்தில் எந்தச் செடி என்பதிலும் நமக்கு ஒரு தீர்மானம் வேண்டும். நித்தியகல்யாணியும் ஜினியாவும் வெயில் செடிகள். தை கடைசியில் விதைத்தால் வைகாசி, ஆனி வரைக்கும் ஜோராக ஓடும். கார்த்திகையில் டெலிவரி கொடுக்க நித்தியகல்யாணி கேட்டால், வேண்டாம் என்று சொல்வதே லாபம் என்பது எங்கள் கருத்து. அந்த மாசத்துக்கு இட்லிப்பூ, குரோட்டன்ஸ் மாதிரி மழை தாங்கும் செடி கொடுக்கிறோம் என்று பேசிப் பாருங்கள். கோரா என்று ஒரு வீரிய ரக நித்தியகல்யாணி இந்த நோயைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. விதை விலை அதிகம். பெரிய ஆர்டர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நோய் வந்துவிட்டது, இப்போது?

கருகின செடியைப் பார்த்ததும் பிடுங்கிக் கையில் தொங்கவிட்டு நாற்றங்கால் முழுக்க நடக்காதீர்கள். இலை காய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு கவரை எடுத்துப் போய் செடியோடும் மண்ணோடும் பையைக் கவருக்குள் போட்டுக் கட்டி வெளியே எடுங்கள். குழி தோண்டிப் புதைக்கலாம், காய்ந்தால் எரிக்கலாம். எருக்குழியில் மட்டும் போட வேண்டாம். தினமும் வேலையை நல்ல வரிசையில் தொடங்கி நோய் வரிசையில் முடியுங்கள். அப்புறம் கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நித்தியகல்யாணி போன இடத்தில் இரண்டு மூணு வருஷத்துக்கு அதே செடியை நட வேண்டாம். கிருமி மண்ணில் காத்திருக்கும்.

ரசாயனம் கட்டாயம் வேண்டும் என்றால், செண்டுமல்லி இலைக்கருகலுக்கு மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். இது இலை மேல் போர்வை மாதிரி இருந்து காக்கிற மருந்து, உள்ளே போன நோயைக் குணமாக்காது. அதனால் முதல் புள்ளி தெரியும்போதே இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளிக்க வேண்டும். மழை கழுவிவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடி. நித்தியகல்யாணிக் கருகலுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வேர்ப்பகுதியில் ஊற்றலாம். மெட்டலாக்சில், மேன்கோசெப் சேர்ந்து வரும் மருந்தும் 2 கிராம் அளவில் கேட்கும். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப அடித்தால் கிருமி பழகிவிடும். ஒரு சீசனில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். வாங்குவதற்கு முன் தோட்டக்கலை அலுவலரிடம் செடியைக் காட்டி மருந்துப் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் காட்டினால் கடையில் வேறு எதையும் தள்ளிவிட முடியாது.

பாக்கெட்டில் இருக்கும் முக்கோணக் கலரையும் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். பச்சை என்றாலும் மருந்து மருந்துதான். கையுறை, முகத்தில் துணி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தெளிப்பானைத் தொட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த வேலைக்கு வரவே கூடாது, குழுத் தீர்மானமாகவே போடுங்கள். பூத்த செடிக்கு அடிக்காதீர்கள். மயிலாப்பூர் பக்கம் வாசலில் இருக்கிற செண்டுமல்லியைப் பறித்து சாமிக்கு வைப்பார்கள், பெண் குழந்தைகள் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

நாமே தயாரிக்கும் போர்டோ கலவை

இதன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சு நாட்டில் போர்டோ என்ற ஊர்ப் பக்கம் ரோட்டோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறித்துக்கொண்டே இருந்தார்களாம். விஷம் போலத் தெரியட்டும் என்று விவசாயிகள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ரோட்டோரக் கொடியில் மட்டும் தெளித்தார்கள். அந்த வருஷம் உள்ளே இருந்த கொடியெல்லாம் நோயில் இலை உதிர்த்து நிற்க, ரோட்டோரக் கொடி மட்டும் பச்சையாக நின்றது. மில்லார்டே என்ற பேராசிரியர் அதைக் கவனித்து, சோதித்து, 1885-ல் வெளியிட்டார். திருட்டுக்குப் போட்டது நோய்க்கு மருந்தாயிற்று.

10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானைதான். இரும்பு, அலுமினியம் கூடாது. மயில்துத்தத்தைத் தூளாக்கி 5 லிட்டர் தண்ணீரில் ஒரு வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பை இன்னொரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தாளித்து, ஆறவிட்டு, 5 லிட்டர் ஆக்கி வடிகட்டுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்ற வேண்டாம். வானத்து நீலத்தில் கலவை வரும். துருவில்லாத ஆணியையோ கத்தியையோ ஒரு நிமிஷம் அதில் வைத்து எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் மயில்துத்தம் மிஞ்சியிருக்கிறது, செடியைச் சுட்டுவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேருங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். முதலில் நாலைந்து செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதுக்கு அடியுங்கள். இளம் நாற்றுக்கு வேண்டாம். இலையில் நீலக் கறை நிற்கும். அதனால் விற்கப் போகிற பைக்கு இது சரிவராது. தாய்ச்செடிகளுக்கும், நோய் வந்த இடத்து மண்ணில் ஊற்றவும் நல்லது.

வண்டி ஏற்றும் முன்

மேலே சொன்ன 3,000 பைக் குழுவின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. புயல் விட்டதும் எண்ணிப் பார்த்தார்கள். நித்தியகல்யாணி கிட்டத்தட்ட மொத்தமும் போய்விட்டது. செண்டுமல்லியில் புள்ளி இல்லாதவை, லேசாகப் புள்ளி உள்ளவை என்று கலந்து இருந்தது. வண்டி மறுநாள் வருகிறது. கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒருத்தர் சொன்னார், "பச்சையா தெரியறத ஏத்திடலாம். அங்க எறங்கினப்புறம் செத்தா அவங்க தண்ணி ஊத்தல." கடன் கட்டுகிற தேதி நெருங்குகிறது, வீட்டில் கேட்கிறார்கள், அவர் சொன்னதில் வயிற்றெரிச்சல்தான் இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. இன்னொரு அக்கா கேட்டார், "பொங்கலுக்கு அவங்ககிட்டதானே ஆர்டர் கேக்கணும்? எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டுக் கேப்ப?"

கடைசியில், காண்ட்ராக்டருக்கே போன் போட்டு உள்ளதைச் சொன்னார்கள். அடி இலை சுத்தமாக இருந்த பைகளை மட்டும் ஏற்றினார்கள். அவர் சந்தோஷமாக ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, சத்தம்தான் போட்டார். மிச்சத்தைத் தனியாகப் பிரித்து, கருகின அடி இலைகளைக் கிள்ளி, தாள் பந்தலுக்குக் கீழ் இடைவெளி விட்டு வைத்து, மேன்கோசெப் அடித்து இரண்டு வாரம் பார்த்தார்கள். தேறினவை பொங்கலுக்கு அதே காண்ட்ராக்டரிடம் போயிற்று. நித்தியகல்யாணியில் விட்ட பணம் விட்டதுதான். கடன் தவணையை மூன்று மாசம் நீட்டி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பைக்குச் செலவு 6 ரூபாய், விற்பது 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பைக்குச் செலவு 12,000. எல்லாம் விற்றால் கையில் 24,000, லாபம் 12,000. நூற்றுக்கு முப்பது பை கருகினால் 1,400 பைதான் விற்கும், வரவு 16,800. லாபம் 4,800 ஆகச் சுருங்கிவிடுகிறது. பாதி கருகினால் வரவு 12,000, அதாவது போட்ட காசு மட்டும். அதில் கடன் வட்டியும் நம் கூலியும் எங்கே? தாள் பந்தலுக்கு மூங்கிலும் தாளும் வாங்கச் செலவு ஆகிறது என்று தயங்குகிற குழுக்கள், உங்கள் ஊர் விலையை வைத்து இதே கணக்கைக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

செடியை இறக்கும்போது, நடுகிறவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டு வரலாம். பையில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம், காலையில் அடியில் தண்ணீர் ஊற்றவும், பழைய செடி கருகின பாத்தியில் அதே செடியை வைக்க வேண்டாம். இதைச் சொல்கிற நர்சரிக்காரர் குறைவு. சொன்னால் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் நாற்றங்காலில் போன மழைக்கு எந்தச் செடி போயிற்று, அது எந்த இடத்தில் ஆரம்பித்தது? பூவாளி வேலை யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு? விதை எங்கிருந்து வருகிறது? நோய்ச் செடியை வெளியே எடுக்கிற பொறுப்பு யாருக்கு? மருந்து வாங்கின பில் நோட்டில் ஒட்டியிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை ஊக்குநர் எழுதி வைத்தால், நாங்கள் வரும்போது அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ செடியை எடுத்துப் போகலாம். சென்னைக்கு வருகிறவர்களுக்குக் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. போனில் கேட்க, கிசான் கால் சென்டர் 1800-180-1551. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

முழுசாகச் செத்த செடியை எடுத்துப் போகாதீர்கள், அதில் வேறு பூசணமெல்லாம் ஏறியிருக்கும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பாதி நல்லதும் பாதி கருகலுமாக இருக்கிற செடியை வேரோடு எடுத்து, ஈரம் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். எந்தத் தேதி ஆரம்பித்தது, என்ன மருந்து அடித்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.